எழுபதாம் அகவையின் வாயிற்படி

சென்ற வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கொன்றில் மூத்த பொருளியல் பேராசிரியர் ஒருவர், வருமான வரம்பை நீக்கிவிட்டு எழுபது வயது கடந்த அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வழங்கியது மக்களின் வரிப்பணத்தை வசதி படைத்த முதியோருக்கு வாரி இறைக்கும் செயல் என்றார். அவரை அடுத்துப் பேசியவர் நேர் எதிர்த்திசையில் சென்று, அனைவருக்குமான மருத்துவப் பாதுகாப்பை இந்தியா ஏறத்தாழ எட்டிவிட்டது என்று முழங்கினார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. இருவர் கூற்றும் பிழை என்பது என் துணிபு. கேள்வி நேரத்தில் எனக்குக் கிடைத்த ஒரு நிமிடத்தில் அதை விளக்க இயலவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன். பதிவு நீளும், பொறுத்தருள்க.

முதலில் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் நல்வாழ்வுத் திட்டம், 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, 10.74 கோடிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்பதாக அறிவித்தது. பட்டியலில் பெயர் இருந்தால் பயன், இல்லையேல் இல்லை. 2024 செப்டம்பர் 11 அன்று ஒன்றிய அமைச்சரவை இந்தச் சேர்க்கை விதியில் ஒரு பெரிய மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது. எழுபது வயது நிறைந்த எவரும், வருமானம் எதுவாயினும், இத்திட்டத்தில் சேரலாம் என்பதே அம்மாற்றம். அக்டோபர் 29 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்ற பெயரில் தனி அட்டை. ஏறத்தாழ 4.5 கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி முதியோர் பயன்பெறுவர் என்று கணக்கிடப்பட்டது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள குடும்பத்தின் முதியோருக்குத் தனியே மேலும் ஐந்து லட்சம். பட்டியலில் இல்லாத குடும்பத்தில் எழுபது கடந்தோர் அனைவருக்கும் சேர்த்து ஐந்து லட்சம். காத்திருப்புக் காலம் இல்லை. முன்பே இருந்த நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

பேராசிரியரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் துறைகளில் மிகுதியும் செல்வாக்குப் பெற்றிருப்பது அதுவே. வறியோருக்கு மட்டுமே கொடு, வசதியோரை விலக்கு என்பது கேட்பதற்கு நீதியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் வறியோர் யார் என்பதை எந்தக் கருவியைக் கொண்டு அறிவது? நம்மிடம் இருந்த கருவி 2011ஆம் ஆண்டுப் பட்டியல். அதன் ஊரகப் பகுதிக்கான அளவுகோல்களில் ஒன்றைப் பாருங்கள்: பதினாறு முதல் ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஆண் எவரும் இல்லாத, பெண் தலைமையேற்ற குடும்பம். 2011இல் ஐம்பத்திரண்டு வயதில், உழைக்கும் கணவனோடும் திருமணமாகாத மகனோடும் வாழ்ந்த ஒரு பெண் இந்த அளவுகோலுக்குள் வரமாட்டார். இன்று அவருக்கு அறுபத்தாறு. கணவர் இறந்திருக்கலாம், மகன் சூரத்திலோ திருப்பூரிலோ தங்கிவிட்டிருக்கலாம். அளவுகோல் சொல்லும் நிலைக்கு அவர் இப்போது முழுமையாக வந்துசேர்ந்துவிட்டார். பட்டியல்தான் இன்னும் 2011இலேயே நிற்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 2027இல்தான் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இலக்கு வைத்து வழங்குதல் என்ற கொள்கை, இலக்கு அசையாமல் நிற்கும் என்று நம்புகிறது. முதுமையிலோ அந்த இலக்கு நாள்தோறும் நகர்கிறது. பணி ஓய்வு, கைம்மை, மகன்களின் பிரிவு, ஒரே ஒரு நோய்: இவற்றுள் எதுவும் ஒரு குடும்பத்தை ஓராண்டுக்குள் ஒரு படிநிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும். ஆகவே முதியோரைப் பொறுத்தவரை வருமானச் சோதனையை நீக்கியது சரியான முடிவு. இந்த அரசின் பிற கொள்கைகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை என்பதை இப்பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். அதற்காக, 1946இல் போர் குழு முன்வைத்த அறத்துக்கு, அதாவது பணம் செலுத்த இயலாமை எவருக்கும் மருத்துவத்தை மறுக்கக் காரணமாகக் கூடாது என்ற அறத்துக்கு, ஓரடி நெருங்கி வந்த ஒரு விதியை நான் எதிர்க்கப் போவதில்லை. தெற்கு டெல்லியில் மாளிகை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் அட்டை கிடைக்கிறதே என்று பேராசிரியர் வருந்துகிறார். கிடைக்கட்டும். அவரிடமிருந்து வரியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பொருளியல் துறையிலேயே கருவிகள் உண்டு. அவரை விலக்கி வைப்பதற்காக அமைக்கப்படும் சல்லடையில் எத்தனை ஏழைகள் சிக்கி வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இனி மற்றவருக்கு வருகிறேன். எட்டிவிட்டோம் என்கிறாரே, எதை எட்டினோம்?

எழுபது என்ற எண் எங்கிருந்து வந்தது? 1999ஆம் ஆண்டின் தேசிய முதியோர் கொள்கை அறுபது வயது கடந்தோரையே முதியோர் என்றது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும் அறுபதையே வரையறையாகக் கொண்டது. இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் ஒன்று உண்டு; ஏனோ யாரும் அதை நினைவுகூர்வதில்லை. ஆயுஷ்மான் திட்டத்துக்கு முன்பிருந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவில் சேர்ந்திருந்த குடும்பங்களின் முதியோருக்குக் கூடுதலாக ஆளுக்கு முப்பதாயிரம் ரூபாய் காப்பு வழங்கும் மூத்த குடிமக்கள் காப்பீடு 2016 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் தகுதி வயது அறுபது. அதாவது இதே ஒன்றிய அரசு, எட்டரை ஆண்டுகளுக்கு முன், முதியோர் காப்பீட்டுக்கு அறுபதையே எல்லையாக வைத்திருந்தது. தொகை உயர்ந்தது, வருமான வரம்பு மறைந்தது, வயது வரம்பு மட்டும் பத்தாண்டு பின்னே தள்ளிப்போனது. காரணம் என்ன என்பதற்குப் பணம் என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு விளக்கத்தை நான் எங்கும் காணவில்லை. 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் மக்கள் நல்வாழ்வு நிலைக்குழுவே வயது வரம்பை அறுபதாகக் குறைக்கவும் காப்புத் தொகையைப் பத்து லட்சமாக உயர்த்தவும் பரிந்துரைத்தது. எதிர்க்கட்சியினர் மட்டுமே எழுப்பும் கோரிக்கை என்று இதை இனி ஒதுக்க முடியாது.

இந்தப் பத்தாண்டு யாருடைய பத்தாண்டு என்று கேட்டால்தான் செய்தியின் கனம் புரியும். மாதிரிப் பதிவு முறையின் 2016-20 அட்டவணைப்படி இந்தியாவில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் 70.0 ஆண்டுகள். டெல்லியில் 75.8, சத்தீஸ்கரில் 65.1. இவ்வெண்களைக் கொண்டு, சத்தீஸ்கர்காரர் அட்டையைக் காணாமலே இறந்துபோகிறார் என்று மேடையில் பேசுவோர் உண்டு. அது பிழையான வாசிப்பு. மாணவர்கள் அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். பிறப்பின்போதான ஆயுள் மதிப்பீட்டில் குழந்தை இறப்புகளும் கலந்திருக்கின்றன. அறுபதைத் தொட்டவர்களுள் பெரும்பாலோர் எழுபதையும் தொடுகிறார்கள். சரியான கேள்வி, தொடாமற்போகிறவர்கள் யார் என்பதே. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்பது மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு இதற்கு விடை கூறுகிறது. உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிடுகையில் ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு. தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பொருளாதார நிலையை மட்டும் காட்டி இவ்வேறுபாட்டை முழுமையாக விளக்கிவிட இயலாது என்பதும் அவ்வாய்வின் முடிவு. வயது என்பது சாதி சாராத, நடுநிலையான அளவுகோல் என்று எண்ணுகிறோம். அதை உயர்த்த உயர்த்த வரிசையிலிருந்து உதிர்கிறவர்கள் எல்லாச் சாதியிலிருந்தும் சம அளவில் உதிர்வதில்லை. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் உடலுழைப்பாளியின் முழங்காலும் நுரையீரலும் இதயமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுகின்றன. அந்தப் பத்தாண்டை அவர் 2011ஆம் ஆண்டுப் பட்டியலின் தயவில் கழிக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை நூலகத்தில் அமர்ந்து எழுதக்கூடியவை. அடுத்துச் சொல்லப்போவது என்னை இப்பதிவை எழுதத் தூண்டிய செய்தி.

எங்கள் விடுதி வாயிலுக்கு எதிரே காய்கறி விற்கும் மூதாட்டி ஒருவரை நாங்கள் அனைவரும் அம்மாஜி என்றே அழைக்கிறோம். புந்தேல்கண்டின் பாந்தா மாவட்டத்துக்காரர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டெல்லியில் அரங்கங்கள் எழுந்தபோது செங்கல் சுமக்க வந்தவர், திரும்பிப் போகவில்லை. பித்தப்பையில் கற்கள் என்று கண்டறிந்து ஓராண்டாயிற்று. அரசு மருத்துவமனையில் அறுவைக்கான நாள் தள்ளிக்கொண்டே போகிறது. தனியார் மருத்துவமனை கேட்கும் தொகை அவருடைய ஓராண்டு வருவாயை மிஞ்சும். டெல்லி முதலில் இத்திட்டத்தில் சேரவில்லை. (தொடக்க விழா நாளிலேயே டெல்லி, மேற்கு வங்க முதியோரிடம் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், முதியோரைப் பணயமாக வைத்து இரு தரப்பும் ஆடிய ஆட்டத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) 2025 ஏப்ரலில் ஆட்சி மாறிய டெல்லியும் சேர்ந்தது. மாநில அரசு மேலும் ஐந்து லட்சம் சேர்த்து, காப்பைப் பத்து லட்சமாக்கியது. செய்தியறிந்து அம்மாஜியை அழைத்துக்கொண்டு பதிவு மையத்துக்குச் சென்றேன்.

மையத்திலிருந்த இளைஞர் அன்பாகவே நடந்துகொண்டார். ஆதார் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். "அம்மாஜிக்கு அறுபத்தேழுதான் ஆகிறது, பாயி சாப்" என்றார். ஆதாரில் பிறந்த நாள் 1958 ஜனவரி 1.

அம்மாஜியின் மூத்த மகன் மாநகராட்சிப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்தவர். பள்ளிச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1971இல். ஆதாரை நம்பினால் தாய் பதின்மூன்று வயதில் அவரைப் பெற்றிருக்க வேண்டும். "நேருஜி செத்துப்போன செய்தி வந்தபோது எனக்கு கௌனா முடிந்து மாமியார் வீட்டில் இருந்தேன், பேட்டா, மாமனார் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்" என்கிறார் அம்மாஜி. நேரு இறந்தது 1964 மே மாதம். ஆதாரின் கணக்குப்படி அப்போது இவருக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பெண் மணமாகி, கௌனாவும் முடிந்து, புகுந்த வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தார் என்று நம்பச் சொல்கிறது அரசின் தரவுத்தளம். வரலாற்று மாணவர் எவரும் ஐந்து நிமிடத்தில் இவருடைய பிறந்த ஆண்டை 1950ஐ ஒட்டி நிறுவிவிடுவார். இப்போது எழுபத்தைந்து இருக்கும்.

1958 எப்படி வந்தது? 2012 வாக்கில் குடியிருப்பில் நடந்த ஆதார் முகாமில் வயது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஐம்பதோ ஐம்பத்தைந்தோ இருக்கும் என்று சொன்னாராம். கணினியின் முன்னிருந்தவர் ஐம்பத்துநான்கு என்று வைத்துக்கொண்டார். ஆண்டு மட்டுமே தெரிந்தால் நாளும் மாதமும் ஜனவரி 1 என்று தாமே நிரம்பிவிடும். இந்நாட்டில் எத்தனை கோடி முதியோர் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள் என்று வியப்போர் எந்தக் கிராமத்தின் ஆதார் அட்டைகளையும் அடுக்கிப் பார்க்கலாம். அன்று அது பொருட்டாகப்படவில்லை. அரிசிக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆள் இருந்தால் போதும், வயது வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த இளைஞர் போகிற போக்கில் இட்ட எண்ணே ஐந்து லட்சத்துக்கும் அறுவைக்கும் உரிய திறவுகோல் ஆகிவிட்டது.

இத்திட்டத்தின் சேர்க்கை விதியில் நான் கடுமையாக எதிர்ப்பது இதைத்தான். வயதுக்குச் சான்று ஆதார் ஒன்றே. வாக்காளர் அட்டை, ஓய்வூதியப் புத்தகம், மருத்துவரின் வயது மதிப்பீடு, மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழ் எதுவும் செல்லாது. ஆதாரில் உள்ள பிறந்த நாளைத் திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்கு ஆவணம் வேண்டும். ஆவணம் உள்ளவருக்கும் ஒருமுறைதான் வாய்ப்பு. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத ஊரில் 1950 வாக்கில் பிறந்து, பள்ளியின் நிழலையும் மிதியாத பெண் எதைக் கொண்டுவருவார்? ஆவணமில்லாததால்தான் ஆதாரில் பிழை ஏறியது. ஆவணமில்லாததாலேயே அந்தப் பிழையைக் களையவும் இயலவில்லை.

இதைவிட நகைப்புக்குரியது ஒன்று உண்டு. ஆதார் பிறந்த நாளுக்குச் சான்றாகாது என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. அதைப் பின்பற்றி 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், பிறந்த நாளுக்கு ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. 2024 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம், சாலை விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டு வழக்கில், உயர் நீதிமன்றம் ஆதாரைக் கொண்டு வயதைக் கணித்தது தவறு, பள்ளிச் சான்றிதழே ஏற்புடையது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சஞ்சய் கரோல், உஜ்ஜல் புயான் அமர்வின் தீர்ப்பு அது. மேற்சொன்ன சுற்றறிக்கையையும் சுட்டுகிறது. சரியாக ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 29 அன்று, ஆதாரில் உள்ள வயதை மட்டுமே ஏற்கும் இத்திட்டம் தொடங்கப்பட்டது. வைப்பு நிதிக்குப் போதாத சான்று, நீதிமன்றத்துக்குப் போதாத சான்று, முதியவரை மருத்துவமனையிலிருந்து திருப்பியனுப்ப மட்டும் போதுமானதாகிவிடுகிறது. 2018இல் ஆதார் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு மானியங்களுக்கு ஆதாரைக் கட்டாயமாக்குவதை ஏற்றதோடு, அடையாள உறுதிப்பாடு தோற்றதற்காக எவருக்கும் உரிய பயன் மறுக்கப்படலாகாது என்றும் வலியுறுத்தியது. அம்மாஜியின் நிலையில் உறுதிப்பாடு தோற்கவில்லை. கைரேகை பொருந்தியது. ஆள் அவரேதான். அவர் பெயரில் பதிந்திருந்த ஆண்டுதான் பொய்.

கைரேகையும் முகமும் பொருந்தாமல் திரும்பியோர் உண்டு. ஆதாரோடு இணைத்த கைபேசி எண் என்றோ கைமாறிப்போய், கடவுச்சொல் யாரோ ஒருவருக்குப் போய்ச்சேர்ந்த கதைகளும் உண்டு. அவை பழகிப்போன துன்பங்கள், விரிக்கவில்லை. எந்திரத்தின் கண்டிப்பு எத்தகையது என்பதற்கு ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2023இல் வெளிவந்த கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இதே ஆயுஷ்மான் திட்டத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணோடு பதிவாகியிருந்ததைக் கண்டறிந்தது. கைபேசி எண் தொடர்புக்கு மட்டுமே, தகுதியைச் சரிபார்க்க அன்று என்று அமைச்சகம் விளக்கியது. விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஏழரை லட்சம் பேரின் தொடர்பு எண்ணைப் பொருட்படுத்தாமல் விடும் அளவுக்கு நெகிழத் தெரிந்த நிர்வாகம், ஒரு மூதாட்டியின் நரைத்த தலையையும் ஐம்பத்துநான்கு வயது மகனையும் கண்ணெதிரே பார்த்த பின்னும் நெகிழ மறுப்பது ஏன்?

அட்டை கிடைத்தவருக்காவது நோய்ச் செலவு தீர்ந்ததா என்றால், அதுவும் பாதி உண்மைதான். இக்காப்பு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியது; சேர்வதற்கு முன் மூன்று நாள், வெளிவந்த பின் பதினைந்து நாள் செலவும் அடங்கும். புறநோயாளிச் செலவு அடங்காது. முதுமையின் நோய் எத்தகையது என்பதை வீட்டில் முதியோர் உள்ள ஒவ்வொருவரும் அறிவர். இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மாதந்தோறும் பரிசோதனை, மூட்டுவலிக்கு மருந்து, கண்ணாடி, காது கேட்கும் கருவி. இந்திய முதியோர் நீள்கால ஆய்வின் முதல் சுற்று (2017-18) அறுபது கடந்தோரில் நான்கில் மூவர் ஏதேனும் ஒரு நாட்பட்ட நோயோடு வாழ்வதாகக் காட்டியது. நாட்பட்ட நோய் மருந்துக்கடையில் கரைகிறது. காப்பீடோ அறுவைக்கூடத்தில் காத்திருக்கிறது. மாத்திரைக்குப் பணமில்லாமல் அழுத்தம் ஏறி, பக்கவாதம் வந்து விழுந்த பிறகு ஐந்து லட்சம் வரை செலவிட அணியமாக இருக்கும் அரசு, அதற்கு முந்தைய இருபது ஆண்டு மாத்திரைக்கு ஒன்றும் தராது. மருந்துக்கு ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்பாருக்கு: ஒன்றிய அரசின் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் எண்பது வயதுக்குட்பட்டோருக்கான ஒன்றியப் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் அதே 200.

நிதிநிலையைப் பற்றியும் ஒரு சொல். இவ்விரிவாக்கத்துக்குத் தொடக்க ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது 3,437 கோடி ரூபாய். தேவைக்கேற்பக் கூட்டுவோம் என்றும் சொன்னார்கள். ஆறு கோடிப் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 573 ரூபாய். எழுபது வயதுக்காரருக்கு ஐந்து லட்சத்துக்கான தனியார் காப்பீட்டுப் பாலிசி எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கட்டணம் தெரியும். காப்பீட்டில் அனைவரும் ஒரே ஆண்டில் நோயுறுவதில்லை. அரசு கொடுக்கும் விலையும் தனியாரைவிடக் குறைவு. இவற்றை ஏற்றுக்கொண்டாலும், 573 என்ற எண்ணுக்குள் இரண்டு ஊகங்களுள் ஒன்றேனும் ஒளிந்திருக்க வேண்டும். வருவோர் குறைவாகவே இருப்பர் என்பது ஒன்று. வந்தவரின் மருத்துவமனைக்குப் பணம் தாமதமாகவே போகும் என்பது மற்றொன்று. இரண்டாவது ஊகத்தின் விளைவை 2025 ஆகஸ்டில் ஹரியாணாவில் கண்டோம்: நிலுவைத் தொகை வந்துசேரவில்லை என்று கூறி, தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் நோயாளிகளுக்கான சேவையை நிறுத்துவதாக இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை அறிவித்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் நிற்பவருக்கு, நிலுவை யாருடைய குற்றம் என்பது பொருட்டில்லை.

ஒன்றிய அரசு ஊழியர் நலத்திட்டம், முன்னாள் படைவீரர் திட்டம் ஆகியவற்றில் இருப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் தனியார் பாலிசி வைத்திருப்போரும் ஈ.எஸ்.ஐ. பயனாளிகளும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியைப் பற்றிப் பல நண்பர்கள் கொதித்தெழுதியிருக்கிறார்கள். முரண் உண்டு, மறுக்கவில்லை. புறநோயாளிச் சேவையும் மருந்தும் தரும் திட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஊழியர் தெரியாமல் மாறிவிட்டால் இழப்புதான். அவருக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆயினும் ஏற்கெனவே ஒரு குடையின்கீழ் நிற்பவர் எந்தக் குடை என்று தேர்வதில் உள்ள சிக்கலை, குடையே இல்லாதவரின் நனைதலோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. நம் எழுத்தெல்லாம் அந்தப் பக்கமே சாய்வதற்குக் காரணம், நம் பெற்றோர் அந்தக் குடையின்கீழ் இருப்பவர்கள் என்பதாகவும் இருக்கலாம். என் தந்தையும் அப்படித்தான்.

ஆகவே பேராசிரியருக்கு என் விடை: வருமானச் சோதனையை மீண்டும் கொண்டுவராதீர்கள், அது நீங்கள் விரும்பும் ஏழையை முதலில் வெட்டும். விழா எடுப்போருக்கு என் விடை: வயது வரம்பை நீங்களே 2016இல் வைத்திருந்த அறுபதுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை, ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவான, அல்லது ஆண்டு மட்டுமே பதிவான முதியோருக்கேனும் மாற்றுச் சான்றை ஏற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவர் ஒருவரின் வயது மதிப்பீட்டையும் மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழையும் சேர்த்துப் பார்த்து மாவட்ட அளவில் முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒருவருக்கு வழங்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஓர் அலுவலக ஆணை போதும். இதனால் அறுபத்தெட்டு வயதுக்காரர் சிலர் எழுபது என்று சொல்லி நுழைந்துவிடுவார்களே என்ற அச்சம் எழலாம். நுழைந்தால் என்ன கெட்டுவிடும்? அறுபத்தெட்டு வயதில், நோய் வந்தபோது, மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள்.

பதிவு மையத்திலிருந்து திரும்பும் வழியில் அம்மாஜி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "அப்படியானால் எனக்கு எழுபது எப்போது ஆகும், பேட்டா?" என்று கேட்டார். 2028 ஜனவரி 1 என்றேன். கடைக்கு வந்ததும் தராசை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். மகனிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.

வயது குறைவு என்று திருப்பியனுப்பப்பட்டோரின் எண்ணிக்கையை மாநிலவாரியாகவும், அவர்களுள் ஆதாரில் ஜனவரி 1 பிறந்த நாளாக உள்ளோரைத் தனியாகவும் கேட்டு, தேசிய நல ஆணையத்துக்குத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்திருக்கிறேன். அத்தகைய எண்ணிக்கையே பராமரிக்கப்படுவதில்லை என்ற விடை வந்தாலும் அதையும் இங்கே வெளியிடுவேன். களஆய்வில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வினாப்பட்டியலில் முதியோரின் ஆதார் பிறந்த நாள், மூத்த பிள்ளையின் வயது, திருமண காலத்தில் நடந்ததாக அவர் நினைவுகூரும் ஒரு பொது நிகழ்வு ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாநிலங்களிலிருந்து நூறு நூறு பேரின் தரவு கிடைத்தாலும் போதும். பிழையின் அளவைக் கணக்கிட்டு, நிலைக்குழுவின் முன் வைக்கத்தக்க ஒரு குறிப்பை நான் எழுதித் தருகிறேன். விருப்பமுள்ளோர் உட்பெட்டியில் எழுதுங்கள்.